பாதி வேலையில் நிற்கும் கார்: மெக்கானிக்குடன் தகராறு வந்தால் என்ன செய்வது?

வேலை பாதியில் நின்றுபோன கார், நிற்கிற இடத்திலேயே கெட்டுக்கொண்டிருக்கும். இன்ஜின் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகத்தை, கழற்றி வைத்துவிட்டால் சிலிண்டர் போரின் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழியின்) உட்சுவரில் துரு ஏறும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், இதற்கு அதிக நாள் தேவையில்லை. ஏ.சி. பைப்பைக் கழற்றி வாயை அடைக்காமல் விட்டால் உள்ளே ஈரம் போய் கம்ப்ரசர் வரை பாதிக்கும். பேட்டரி இறங்கிவிடும். டயர் ஒரே பக்கமாக அமுங்கும். எலி ஒயரிங்கைக் கடிக்கும். யார் சொன்னது சரி என்று நீங்களும் மெக்கானிக்கும் வாதாடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் கரைவது உங்கள் பணம்தான்.

அதனால் நான் சொல்லப்போவது ஒரு வரிசையைத்தான்: முதலில் பதிவு, அடுத்து வண்டி, கடைசியில் பணக் கணக்கு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பணத்தில் சண்டையை ஆரம்பித்து, கோபத்தில் நாலு வார்த்தை பேசி, மெக்கானிக் வண்டியைத் தர மறுத்த பிறகுதான், கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்று கவனிக்கிறார்கள். முதல் கார் வாங்கியவர்கள், பழைய கார் வாங்கி முதன்முறை பெரிய வேலைக்கு விட்டவர்கள், இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலை ஏன் நின்றது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

“நாளைக்கு முடிச்சுடறேன் சார்” என்ற பதிலுக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஒன்று, பார்ட் வரவில்லை. இது உண்மையாகவும் இருக்கலாம், சாக்காகவும் இருக்கலாம். எந்தப் பார்ட், அதன் பார்ட் நம்பர் என்ன, எந்தக் கடையில் ஆர்டர் போட்டார் என்று கேளுங்கள். உங்கள் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரைச் சொன்னால் கம்பெனி டீலரின் ஸ்பேர் கவுண்டரிலேயே பார்ட் நம்பரும் விலையும் சொல்லிவிடுவார்கள், ஸ்டாக் இருக்கிறதா என்றும் தெரிந்துகொள்ளலாம். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் போனிலேயே விசாரிக்கலாம். கடையில் பார்ட் இருந்தும் “வரலை” என்று அவர் சொன்னால், பிரச்சினை பார்ட் அல்ல என்று புரிந்துவிடும்.

இரண்டு, வேலை அவர் கையில் இல்லை. ஹெட் சமன் செய்வது, சிலிண்டர் போரைக் கடைவது எல்லாம் லேத்துக்கு, அதாவது உலோகம் கடையும் பட்டறைக்கு, போகும். டிங்கரிங்கும் பெயின்டிங்கும் பல பட்டறைகளில் வெளியாள் வேலை. லேத்தில் பத்து ஹெட் வரிசையில் நிற்கலாம். அந்த லேத் எது என்று கேட்டு, முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் ஹெட் அங்கே இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 2023 டிசம்பரில் சென்னையில் நடந்த மாதிரி, ஒரே நேரத்தில் ஏராளமான வண்டிகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், நேர்மையான மெக்கானிக்கும் சொன்ன தேதியில் தர முடியாது.

மூன்று, பிரித்துப் பார்த்ததில் எதிர்பார்க்காத செலவு வந்திருக்கிறது, அதைச் சொல்லத் தயங்குகிறார். ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) என்று ஆரம்பித்து ஹெட்டிலேயே விரிசல் விழுந்திருப்பது தெரியவரும். இது பேசித் தீர்க்கக்கூடியது.

நான்கு, உங்கள் அட்வான்ஸ் இன்னொருவர் வண்டிக்கு ஸ்பேராகப் போய்விட்டது. என் பார்வையில் சின்னப் பட்டறைகளில் வேலை நிற்பதற்கு இதுதான் அடிக்கடி வரும் காரணம். அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஒரு வண்டிக் காசை வைத்து இன்னொரு வண்டியை முடிக்கும் சுழற்சியில் மாட்டியிருப்பார். இங்கே இன்னும் பணம் கொடுத்தால் அதுவும் அதே வழியில்தான் போகும். மேற்கொண்டு பார்ட் வாங்க வேண்டுமானால், நீங்களே கடையில் உங்கள் பெயரில் பில் போட்டு வாங்கிக் கொடுங்கள். ரொக்கம் வேண்டாம்.

ஐந்து, அவருக்கு அந்த வேலை தெரியவில்லை. இதுதான் ஆபத்தானது. சென்சார், இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கோளாறுகளில் இது அதிகம். ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது முறையும் “இதையும் மாத்திப் பார்க்கலாம் சார்” என்றால், அங்கிருந்து வண்டியை எடுப்பது பற்றி யோசிக்கும் நேரம் வந்துவிட்டது.

நேரில் போங்கள், போட்டோ எடுங்கள்

போனில் பேசிக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். முதலாளி பட்டறையில் இருக்கும் பகல் நேரமாகப் பார்த்துப் போங்கள். வண்டி விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. சண்டைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகக் கூடாது, பார்த்ததைப் பின்னால் சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

மரியாதையாகவே பேசுங்கள். “அண்ணே, வண்டி எந்த நிலையில இருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்கறேன்” என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். பார்க்கும்போது போட்டோவும் ஒரு நீளமான வீடியோவும் எடுங்கள். வெளிப்பக்கம் நான்கு மூலை, டேஷ்போர்டில் கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் அளவு, திறந்து கிடக்கும் இன்ஜின், கழற்றி வைத்த பாகங்கள். போல்ட்டுகள் எங்கே கிடக்கின்றன என்றுகூடப் பாருங்கள். டப்பாவில் பிரித்து வைத்திருந்தால் வேலை தொடர வாய்ப்பிருக்கிறது. தரையில் சிதறிக் கிடந்தால் அந்த வண்டியைக் கொஞ்ச நாளாக யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

மாற்றிவிட வாய்ப்புள்ள பொருட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் சீரியல் நம்பர், ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்டீரியோ ஆகியவை இதில் சேரும். டயரின் பக்கவாட்டில் டாட் என்ற குறியோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 3223 என்றால் 2023ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். ஐந்து டயருக்கும் அதைப் படமெடுத்து வைத்தால் பின்னால் டயர் மாறியதா என்ற கேள்விக்கே இடமில்லை. சைலன்சர் வரிசையில் இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் விட்டுவிடாதீர்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம் மாதிரி விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன.

வண்டி உங்களைக் கேட்காமல் வெளியே ஓடுகிறதா என்ற சந்தேகம் இருந்தால் கிலோமீட்டர் ரீடிங்கும் ஃபாஸ்டாக் குறுஞ்செய்திகளும் காட்டிக்கொடுக்கும். டெஸ்ட் டிரைவ் என்பது ஐந்தாறு கிலோமீட்டர். டோல்கேட் தாண்டிப் போயிருந்தால் அது டெஸ்ட் டிரைவ் அல்ல.

வேலை உடனே தொடராது என்று தெரிந்தால், அங்கேயே கேட்டுச் செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு: போருக்குள் ஆயில் விட்டுத் துணியும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடச் சொல்லுங்கள், திறந்த ஏ.சி. பைப் வாய்களை அடைக்கச் சொல்லுங்கள், பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள். ஆர்.சி. ஒரிஜினல் வண்டிக்குள் இருந்தால் எடுத்துக்கொண்டு நகலை வைத்துவிடுங்கள். வண்டி ஷெட்டில்தானே நிற்கிறது என்று இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விடாதீர்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், பல வருடமாகச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) போய்விடும்.

இன்னும் வண்டியைப் பட்டறையில் விடாமலேயே இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. என்னென்ன வேலை, தோராயத் தொகை, கொடுத்த அட்வான்ஸ், தருவதாகச் சொன்ன தேதி, “பழைய பார்ட்டைத் திருப்பித் தர வேண்டும்” என்ற ஒரு வரி. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து மெக்கானிக்குக்கு வாட்ஸப்பில் அனுப்பி, “சரி சார்” என்று பதில் வாங்கிவிட்டால் அதுவே உங்கள் ஜாப் கார்டு, அதாவது வேலை ஒப்படைப்புச் சீட்டு.

பேசியதை எழுத்தில் கொண்டுவாருங்கள்

வாய்மொழியாகப் பேசியதும் ஒப்பந்தம்தான். ஆனால் பின்னால் யார் என்ன சொன்னார் என்று நிரூபிப்பது கஷ்டம். நேரில் பார்த்துவிட்டு வந்த அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். திட்டாமல், மிரட்டாமல், நடந்ததை மட்டும் எழுத வேண்டும். இப்படி:

“வணக்கம் அண்ணே. என் ஸ்விஃப்ட் வண்டியை ஆகஸ்ட் 4ஆம் தேதி கிளட்ச், ஹெட் கேஸ்கெட் வேலைக்கு உங்களிடம் விட்டேன். மொத்தம் 42,000 ரூபாய் என்று பேசி, ஜிபேயில் 25,000 அனுப்பினேன். ஆகஸ்ட் 14 தருவதாகச் சொன்னீர்கள். இன்று வந்து பார்த்தபோது ஹெட் கழற்றிய நிலையில் இருக்கிறது, கிளட்ச் இன்னும் பிரிக்கவில்லை. எந்தப் பார்ட் பாக்கி, இதுவரை வாங்கிய பார்ட்டுக்கு எவ்வளவு ஆனது என்று அனுப்புங்கள். செப்டம்பர் 10க்குள் வேலையை முடித்து வண்டியைத் தர வேண்டும். என்னைக் கேட்காமல் புதிதாக எந்த வேலையும் சேர்க்க வேண்டாம்.”

இதில் தேதி குறிப்பதுதான் உயிர்நாடி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, வேலைக்காக நீங்கள் வண்டியை ஒப்படைத்தால் மெக்கானிக் அதன் பொறுப்பாளர் ஆகிறார். தன் சொந்தப் பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனத்தோடு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 151. அவர் தவறால் உரிய நேரத்தில் பொருள் திரும்பி வரவில்லை என்றால், அந்த நேரத்திலிருந்து அதற்கு ஏற்படும் இழப்பு, சேதம் எதற்கும் அவரே பொறுப்பு என்கிறது பிரிவு 161. ஆக, உரிய நேரம் எது என்று எழுத்தில் இருந்தால், அதற்குப் பிறகு மழைத்தண்ணீர் புகுந்தாலும் எலி கடித்தாலும் கணக்கு அவர் பக்கம் போகும். தேதியே இல்லையென்றால் இந்தப் பிரிவைப் பிடித்துப் பேசுவது சிரமம்.

பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. நீல டிக் விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பேச்சு முழுவதையும் வாட்ஸப்பிலிருந்தே ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள், போன் தொலைந்தாலும் பதிவு இருக்கும். ரொக்கமாகக் கொடுத்த பணம் இருந்தால், “அன்று கையில் கொடுத்த 5,000 சேர்த்து” என்று செய்தியிலேயே குறிப்பிடுங்கள். அவர் மறுக்காமல் விட்டாலே உங்களுக்கு ஓரளவு பலம்.

“பணம் கொடுத்தாதான் வண்டி” என்றால்

இந்த இடத்தில் பலர் நினைப்பது இரண்டும் தப்பு. மெக்கானிக்குக்கு வண்டியைப் பிடித்து வைக்க உரிமையே இல்லை என்பது தப்பு. அவர் எவ்வளவு கேட்டாலும் கொடுத்தால்தான் வண்டி வரும் என்பதும் தப்பு.

ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170, ஒப்படைத்த பொருளில் உழைப்பும் திறமையும் செலுத்தி வேலை செய்தவருக்கு, அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை தருகிறது. சட்டமே உதாரணமும் சொல்கிறது: பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, கூலி வரும்வரை நகைக்காரர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த உரிமைக்கு எல்லை உண்டு. எந்த நோக்கத்துக்காகப் பொருளைக் கொடுத்தோமோ அதன்படி வேலை செய்திருக்க வேண்டும், கூலியும் அந்த வேலைக்கு உரியதாக இருக்க வேண்டும். பாதியில் போட்ட வேலைக்கு முழுக் கூலி கேட்டுப் பிடித்து வைத்தால் அவர் நிலை பலவீனமானது. போன வருடம் வேறு வண்டிக்குப் பாக்கி வைத்ததற்காக இந்த வண்டியைப் பிடித்து வைப்பதும் அவருக்கு உதவாது. பழைய பாக்கிக்கெல்லாம் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமையை, தனியாக ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய, வங்கியாளர் உள்ளிட்ட சில வகையினருக்கு மட்டுமே பிரிவு 171 தருகிறது. அந்தப் பட்டியலில் மெக்கானிக் இல்லை.

சில இடங்களில் “நிறுத்தி வெச்சதுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய்” என்று புதிதாக ஒன்றை எடுப்பார்கள். முன்பே பேசாத வாடகை என்றால் அன்றே எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

இரவில் ஸ்பேர் சாவியைக் கொண்டுபோய் வண்டியை ஓட்டிவந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் கைமாறிவிடும், கைகலப்பில் முடிந்தால் வழக்கே திசைமாறும்.

வண்டியை வெளியே கொண்டுவருவது

கெடு தாண்டியும் வேலை நகரவில்லை என்றால் முடிவு செய்துவிடுங்கள். கணக்கு முடித்து வண்டியை எடுங்கள். கணக்கு இப்படி: கொடுத்த அட்வான்ஸில் அவர் உண்மையிலேயே வாங்கிய பார்ட்டின் விலையையும், முடித்த வேலைக்கான நியாயமான கூலியையும் கழியுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 25,000 கொடுத்தீர்கள். கடை பில் 14,500, ஹெட் இறக்கியதற்குக் கூலி 4,000 என்றால், உங்களுக்கு வர வேண்டியது 6,500. வாங்கிய பார்ட் எல்லாம் உங்களுடையது, அட்டைப் பெட்டியோடு கேட்டு வாங்குங்கள். பெட்டியின் லேபிளில் பார்ட் நம்பரும் அதிகபட்ச விலையும் அச்சிட்டிருக்கும், பில்லோடு ஒத்துப்பாருங்கள். புதுப்பேட்டையில் பழைய பார்ட்டாக வாங்கியிருந்தால் பெட்டி இருக்காது. அப்போது கடைப் பெயரையும் விலையையும் எழுதி வாங்குங்கள்.

அவர் கணக்கும் உங்கள் கணக்கும் ஒத்துவராது. பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய் இழுபறியில் நிற்கும். அந்த வித்தியாசம் தாங்கக்கூடிய தொகை என்றால், கொடுத்துவிட்டு வண்டியை எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். விட்டுக்கொடுப்பதாக இதற்கு அர்த்தமில்லை. பணத்தை வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ அனுப்பி, உடனே ஒரு செய்தி போடுங்கள்: “வண்டியை எடுப்பதற்காக மட்டும், ஆட்சேபணையோடு இந்த 8,000 ரூபாயைச் செலுத்துகிறேன். வேலை முடியாததற்கும் கூடுதலாகப் பெற்ற தொகைக்கும் என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.” இந்த இரண்டு வரி இருந்தால் பிறகு அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கும் வழி திறந்தே இருக்கும். மாறாக, “வேலை திருப்தி, எந்தப் பாக்கியும் இல்லை” என்று அச்சடித்த தாளில் அவசரத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கதவைப் பெரும்பாலும் நீங்களே சாத்தியதாகிவிடும். கையெழுத்து கட்டாயம் என்றால், “வண்டியை உள்ளபடி பெற்றுக்கொண்டேன், வேலை முடியவில்லை” என்று கையால் எழுதிப் போடுங்கள்.

பிரித்துப் போட்ட வண்டியைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். பிளாட்பெட் ரெக்கவரி வண்டி வரவழையுங்கள். ஏற்றுவதற்கு முன் கழற்றிய பாகங்களைப் பட்டியல் போட்டு, டப்பாவில் போட்டு, மறுபடி போட்டோ எடுங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் மெக்கானிக்கையே உடன் கூட்டிவந்தால் ரொம்ப நல்லது. எது இல்லை என்று பார்த்த உடனே அவர் சொல்லிவிடுவார். உங்கள் கண்ணுக்கு அது தெரியாது.

புதிய பட்டறையில் வேலை ஆரம்பிக்கும் முன் அவரிடம் ஒரு அறிக்கை வாங்குங்கள். இதைத் தவறவிட்டால் பிறகு சரிசெய்யவே முடியாது, ஏனென்றால் வேலை தொடங்கிய நிமிடத்திலேயே பழைய நிலை மறைந்துவிடும். லெட்டர்ஹெட்டில், தேதியோடு, வண்டி எந்த நிலையில் வந்தது, என்ன வேலை செய்யப்படவில்லை, என்ன தப்பாகச் செய்யப்பட்டிருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கட்டணம் கட்டி ஆய்வு அறிக்கை வாங்கினால் இன்னும் எடை அதிகம். பெரிய தொகை என்றால் வண்டிச் சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயரை வைத்துப் பார்க்கலாம்.

பணத்தைத் திரும்பப் பெறும் வழிகள்

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அவசரம் இல்லை. நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஆனாலும் சூட்டோடு செய்வது நல்லது.

முதலில் நோட்டீஸ். வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, நீங்களே எழுதலாம். நடந்தது, தேதிகள், தொகைகள், என்ன வேண்டும், 15 நாளில் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்ற வரி. ஒன்றிரண்டு பக்கம் போதும். பதிவுத் தபால் சேவை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் நோட்டீஸ் வந்ததும் கணிசமானவர்கள் பேச இறங்கிவருவார்கள்.

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, எதிர்த் தரப்புக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் இது பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் தலைமை அலுவலகத்துக்குப் புகார் போகும். தெருமுனைப் பட்டறைக்கு இதில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

சின்னப் பட்டறை என்றால் நான் முதலில் சொல்வது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அவர்கள் மெக்கானிக்குக்கு அழைப்பு அனுப்பி இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். உடன்பாடு வந்து லோக் அதாலத்தில் (சமரச நீதிமன்றத்தில்) உத்தரவானால் அதற்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடும் கிடையாது. அவர் வரவே மறுத்தால் அங்கே கட்டாயப்படுத்த முடியாது, அது ஒன்றுதான் குறை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீலும் தருவார்கள். உதவி எண் 15100.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முழுப் பணமும் கொடுத்திருக்க வேண்டும் என்றில்லை. அட்வான்ஸ் மட்டும் கொடுத்து மீதியைத் தருவதாகச் சொல்லியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பட்டறை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மதுரையில் வேலை பார்ப்பவர் சேலத்துப் பட்டறை மேல் மதுரையிலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. 2025 முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். ஒரு விதிவிலக்கு: பத்து வண்டி வைத்து டிராவல்ஸ் நடத்துபவர் அந்த வண்டிகளுக்காக இங்கே வருவது கஷ்டம். ஒரே டாக்ஸியைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்குத் தடையில்லை.

புகாரோடு எஸ்டிமேட், பணம் அனுப்பிய ஆதாரம், வாட்ஸப் பேச்சு, போட்டோக்கள், இரண்டாவது பட்டறையின் அறிக்கை, அங்கே ஆன பில், நோட்டீஸ் நகல் எல்லாம் வேண்டும். வண்டி இல்லாத நாட்களில் ஓலா, ஊபரில் போன ரசீதுகளையும் சேருங்கள். போனிலிருந்து எடுத்த பிரிண்ட்டுகளுக்கு, சாட்சியங்களுக்கான சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63இல் சொன்ன சான்றிதழை இணைத்துவிட்டால் எதிர்த்தரப்பு அதை வைத்து இழுத்தடிக்க முடியாது. கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். 20,000 ரூபாய் வேலைக்கு மன உளைச்சல் 5 லட்சம் என்று போட்டால் உண்மையான இழப்பும் சந்தேகத்தோடு பார்க்கப்படும். பில்லால் நிரூபிக்கக்கூடியதை முழுதாகக் கேளுங்கள், மற்றதை அளவாகக் கேளுங்கள்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைத் தாண்டித்தான் போகும், ஒரு வருடம் வரைகூட மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காமல் போய்ப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் கிளெய்மில் போன வண்டி என்றால் ஒன்று மட்டும் மாறும். என்ன மாற்ற வேண்டும், என்ன சரிசெய்ய வேண்டும் என்று சர்வேயர் அனுமதித்த பட்டியல் இருக்கும். அதன் நகலை வாங்கி, வேலை முடிந்ததாகச் சொல்லும் வண்டியோடு ஒத்துப்பாருங்கள். புதுக் கதவு என்று அனுமதி வாங்கிவிட்டுப் பழையதையே தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்திருந்தால், வண்டியை எடுக்கும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சர்வேயருக்கும் எழுதுங்கள்.

போலீஸ் எப்போது?

வேலை தாமதம், கூலித் தகராறு இதற்கெல்லாம் ஸ்டேஷனுக்குப் போனால் “சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்பார்கள், அது சரியும்கூட. ஆனால் உங்கள் வண்டியின் பார்ட்டை விற்றுவிட்டார், வண்டியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார், பட்டறையைப் பூட்டிக்கொண்டு காணாமல் போய்விட்டார் என்றால் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகலாம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இது பிரிவு 316. எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் திரும்பி வராதீர்கள். முதல் நாள் எடுத்த பேட்டரி நம்பர், டயர் நம்பர், கேட்டலிடிக் கன்வர்ட்டர் போட்டோ எல்லாம் இங்கேதான் கைகொடுக்கும். அவை இருந்தால் புகாரில் எது காணோம் என்று குறிப்பிட்டு எழுதலாம்.

உத்தரவு கையில் வந்த பிறகு

ஆணையம் உங்களுக்குச் சாதகமாகச் சொன்னாலும் பணம் தானாக வந்துவிடாது. எதிர்த்தரப்புக்கு மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு. ஆனால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டுமானால் உத்தரவிட்ட தொகையில் பாதியை அவர் முதலில் கட்டியாக வேண்டும், அதனால் சின்னத் தொகைக்குப் பலர் போவதில்லை. உத்தரவில் சொன்ன கெடு முடிந்தும் தரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 71இன்படி சிவில் நீதிமன்ற உத்தரவு போலவே அதை நிறைவேற்றலாம். பிரிவு 72இன்படி, உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரண்டு பிரிவுகளிலும் மனுப் போடுங்கள். பட்டறையின் பெயர், முதலாளியின் முழுப் பெயர், அவர் வீட்டு முகவரி மூன்றும் புகாரிலேயே சரியாக இருந்தால்தான் இந்தக் கட்டம் ஓடும். போர்டில் “ஸ்ரீ முருகன் ஆட்டோ ஒர்க்ஸ்” என்று மட்டும் இருக்கும் பட்டறைகளில் முதலாளி யார் என்பதை பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் தேடினால் பார்க்கலாம். அந்த எண் இல்லாத சின்னப் பட்டறை என்றால், நீங்கள் ஜிபேயில் பணம் அனுப்பியபோது திரையில் வந்த பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.